ஊசி யார் கையில்?

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பச்சைப்பிள்ளையின் நோய்களுக்கென்று தனி அகராதியே உண்டு. விடாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்பார்கள். கைப்பக்குவம் உள்ள கிழவி ஒருத்தி பழைய சேலையில் பிள்ளையைக் கிடத்தி, இப்படியும் அப்படியும் உருட்டி உரம் எடுப்பாள். வயிறு உப்பினால் மாந்தம். பேதி போய் உச்சிக்குழி உள்வாங்கினால் சீர் தட்டிவிட்டது. ஆகாதவர் நிழல் பட்டால் தோஷம். சித்த மருத்துவத்தில் பாலவாகடம் என்று குழந்தை நோய்களுக்கே ஒரு நூல் மரபு இருக்கிறது. கவனித்துப் பார்த்தால் இந்த அகராதியில் சத்தம் போடுகிற, கண்ணுக்குத் தெரிகிற நோய்களுக்குத்தான் பெயர்கள் அதிகம். சத்தமே போடாத ஒன்றுக்குப் பெயர் கிடையாது, விவரிப்பு மட்டும்தான். "பிள்ள துவண்டு கெடக்கு." "பால் குடிக்க மாட்டேங்குது." "ஒடம்பு சில்லுனு இருக்கு." இந்த மூன்றையும் சொல்லி முடித்து ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்.

ஆஸ்பத்திரி மொழியில் இது செப்சிஸ். ரத்தத்தில் பாக்டீரியா புகுந்து உடம்பெங்கும் பரவுவது. பெரியவர்களுக்கு வந்தால் காய்ச்சல் அனலாகக் கொதிக்கும், நடுக்கும், புலம்புவார்கள். பிறந்து சில நாளேயான குழந்தையின் உடம்புக்கு அந்தச் சண்டையைப் போடத் தெம்பு கிடையாது. பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல்கூட வராது, மாறாக உடம்பு குளிர்ந்துபோகும். அழுகை மெலியும், உறிஞ்சுவது நிற்கும். நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது என்று வீட்டில் நினைப்பார்கள். கிருமி வருகிற வழியும் சாதாரணமானதுதான். பிறக்கும் வழியில் தாயின் உடம்பிலிருந்து வரலாம், தொப்புள்கொடி அறுத்த கத்தியிலிருந்து வரலாம், தூக்கிக் கொஞ்சிய கையிலிருந்து, நாக்கில் தடவிய சேனையிலிருந்து வரலாம்.

இதற்கு மருந்து உண்டு. பல பத்தாண்டுகளாக உண்டு, விலையும் சில ரூபாய்தான். ஆனாலும் அந்த மருந்து பிள்ளையிடம் போய்ச்சேர்ந்த கதை நீளமானது. அதில் ஆய்வகத்துக்கு இருக்கிற பங்கைவிட, ஊசியை யார் தொடலாம் என்ற சண்டைக்கு இருக்கிற பங்கு பெரிது.

முதலில் மருந்தே பிள்ளைகளைக் கொன்ற காலத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் புதிய ஆன்டிபயாடிக்குகள் வரிசையாக வந்தன. குறைப்பிரசவக் குழந்தைகளுக்குத் தொற்று வருமுன்பே தடுப்பாகக் கொடுத்துவிடுவது வழக்கமாகியிருந்தது. நியூயார்க்கின் பேபீஸ் ஹாஸ்பிட்டலில் வில்லியம் சில்வர்மனும் அவர் குழுவினரும் இரண்டு வகை மருந்துகளை ஒப்பிட்டு 1956-இல் முடிவை வெளியிட்டார்கள். பென்சிலினோடு சல்ஃபா மருந்து பெற்ற குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தன. அவற்றின் மூளையில் மஞ்சள் படிந்திருந்தது. ரத்தத்தில் மஞ்சள்காமாலை நிறமியைப் பத்திரமாகச் சுமந்து செல்வது ஒரு புரதம். சல்ஃபா வந்து நிறமியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது, இறக்கிவிடப்பட்ட நிறமி மூளைக்குள் போகிறது. மூன்று ஆண்டு கழித்து, 1959-இல், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இன்னொரு அறிக்கை வந்தது. தொற்று அபாயமுள்ள குறைப்பிரசவக் குழந்தைகளில் எந்த மருந்தும் பெறாதவற்றில் 19 சதவீதம் இறந்தன, குளோராம்ஃபெனிகால் பெற்றவற்றில் 60 சதவீதம். அந்தக் குழந்தையின் கல்லீரல் இன்னும் அந்த மருந்தைக் கழிக்கப் பழகவில்லை. மருந்து உடம்பில் சேர்ந்து சேர்ந்து, குழந்தை சாம்பல் நிறமாகி இறந்தது. "கிரே பேபி" என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

இந்த இரண்டும் மருத்துவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டன, பதிந்திருக்கத்தான் வேண்டும். பச்சைப்பிள்ளை என்பது சின்ன அளவிலான மனிதன் அல்ல, அதன் கணக்கே வேறு என்று மருத்துவம் கற்றுக்கொண்டது அப்படித்தான். கூடவே இன்னொரு முடிவும் ஒட்டிக்கொண்டது: பச்சைப்பிள்ளைக்கு ஊசி என்றால் அது ஆஸ்பத்திரியில், டாக்டர் கையால் மட்டுமே. ஜென்டாமைசின் 1963-இல் வந்தது. மைக்ரோமோனோஸ்போரா என்ற மண் நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. அதனால்தான் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் இதற்கு வேறொரு எழுத்துமாக இருக்கும். குழந்தை செப்சிஸில் வரும் கிருமிகள் பலவற்றை அது வீழ்த்தியது. அளவு மிஞ்சினால் காதும் சிறுநீரகமும் கெடும் என்பதால் அதுவும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தது. ஆனால் நம் நாட்டில் பிள்ளைகள் பிறந்ததும் இறந்ததும் பெரும்பாலும் வீட்டில்.

இந்த இடைவெளியைப் பார்த்தவர்கள் பலர். அதற்குள் இறங்கியவர்கள் அபய் பங், ராணி பங். அபய் காந்தியின் சேவாகிராமத்தில் வளர்ந்தவர். இருவரும் நாக்பூரில் மருத்துவம் படித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச்சுகாதாரம் முடித்துத் திரும்பினார்கள். 1986-இல் அவர்கள் போய் உட்கார்ந்த இடம் மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கட்சிரோலி. காடு, கோண்டு பழங்குடிகள், மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் ஊர்கள். 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் குழந்தைகளின் நிமோனியாவை எடுத்துக்கொண்டார்கள். கிராமத்து ஆட்களே மூச்சை எண்ணி மாத்திரை கொடுக்க முடியும், அதில் சாவு குறையும் என்று காட்டி 1990-இல் லான்செட்டில் எழுதினார்கள். அதன் பிறகும் முதல் மாதச் சாவு பெரிய பாறைபோல் எதிரே நின்றது.

1995–96-இல் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிகிச்சை தொடங்குமுன் ஓர் ஆண்டு வெறுமனே பார்த்தார்கள். 39 கிராமங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை படித்த பெண் ஒருத்தி. ஆரோக்கியதூத் என்று பெயர். பிரசவ நேரத்தில் கூட இருந்து, பிறகு 28 நாளும் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து எழுதினாள். 763 பிள்ளைகள். பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மருத்துவ உதவி தேவைப்பட்டது. டாக்டர் கண்ணில் பட்டவை 2.6 சதவீதம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவை 0.4 சதவீதம். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்" என்ற அறிவுரையின் மதிப்பு அந்த ஊர்களில் அவ்வளவுதான். பெற்ற உடம்பு தீட்டு, வெளியே காற்றுப்படக் கூடாது, பஸ் கிடையாது, காசு கிடையாது, போனாலும் பிழைக்குமா தெரியாது. முப்பது நாள் கழியாமல் பிள்ளைபெற்றவள் வாசல் தாண்டக்கூடாது என்று நம்மூரிலும் சொன்னவர்கள்தானே.

பிறகுதான் அந்தப் பெண் கையில் ஊசி போனது. அவளுக்குக் கற்றுத்தந்த விதி எளிமையானது. உறிஞ்சுவது குறைந்ததா, நின்றதா. அழுகை மெலிந்ததா. கைகால் துவண்டதா. உடம்பு தொட்டால் குளிர்கிறதா. வயிறு உப்பியதா, வாந்தியா. மூச்சிழுக்கும்போது நெஞ்சு குழிகிறதா. தொப்புளில் சீழா. இவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் இருந்தால் செப்சிஸ் என்று வைத்துக்கொள். பெற்றவர்களிடம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். போகமாட்டோம் என்றால் அவர்கள் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஜென்டாமைசின் ஊசி, வாய்வழி கோட்ரைமாக்சசோல்.

பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன் என்பதால் அந்த "இரண்டு" என்ற எண்ணில் என் கண் நின்றுவிட்டது. ஒன்று போதும் என்று வைத்தால் சும்மா அழுத பிள்ளைக்கெல்லாம் ஊசி. மூன்று வேண்டும் என்றால் மூன்றாவது அறிகுறி வரும்போது பிள்ளை கைமீறிப் போயிருக்கும். மேலே பட்டியலிட்டதை மறுபடி பார்த்தால், மதுரைக் கிழவி சொல்லும் அதே விவரிப்புகள்தான்: துவண்டு கிடக்கு, பால் குடிக்கல, சில்லுனு இருக்கு. அறிவு ஊரில் ஏற்கெனவே இருந்தது. அதன் மறுமுனையில் மருந்தைக் கட்டியதுதான் கட்சிரோலி செய்தது.

முடிவு 1999 டிசம்பரில் லான்செட்டில் வந்தது. செப்சிஸ் வந்த பிள்ளைகளில் முன்பு 16.6 சதவீதம் இறந்தன. ஆரோக்கியதூத் சிகிச்சை தந்த பிறகு 2.8. மூன்றாம் ஆண்டில், ஊசியில்லாத ஒப்பீட்டுக் கிராமங்களில் ஆயிரத்துக்கு 59.6 பிள்ளைகள் முதல் மாதத்தில் இறந்தபோது இந்தக் கிராமங்களில் 25.5. ஒரு குழந்தைக்கு ஆன செலவு 5.3 டாலர்.

மருத்துவ உலகம் மாலை போட்டு வரவேற்றது என்று நினைத்தால் தவறு. எதிர்ப்புகளை எல்லாம் பொறாமை என்று ஒதுக்கவும் முடியாது. கிராமங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, ஆகவே வேறுபாட்டுக்கு வேறு காரணம் இருக்கலாம். ஊசி மட்டுமா கொடுத்தார்கள், கதகதப்பும் தாய்ப்பாலும் மூச்சு முட்டிய பிள்ளைக்குக் காற்றும் சேர்த்துக் கொடுத்தார்களே, எது காப்பாற்றியது? கோட்ரைமாக்சசோலில் சல்ஃபா இருக்கிறது, 1956-ஐ மறந்துவிட்டீர்களா? இவை நியாயமான கேள்விகள். (இன்றைய பரிந்துரைகளில் அதன் இடத்தில் அமாக்ஸிசிலின் இருக்கிறது.) நியாயமில்லாதது ஒன்றும் கூடவே இருந்தது. எட்டாவது படித்த பொம்பளை கையில் சிரிஞ்சா? இதற்கு எதிரே வைக்க வேண்டிய கேள்வியை எழுப்பியவர்கள் குறைவு: அவள் போடாவிட்டால் யார் போடப்போகிறார்கள்? 2.6 சதவீதம் என்ற எண் அதற்கு முன்பே பதில் சொல்லியிருந்தது.

வங்காளதேசத்தின் சில்ஹெட்டில் முறைப்படி குலுக்கல் போட்டே செய்தார்கள். வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் முதல் மாதச் சாவு 34 சதவீதம் குறைந்தது என 2008-இல் வந்தது. இந்திய அரசு 2011-இல் ஆஷா பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது, ஆனால் ஊசி இல்லாமல். 2014-இல் ஒருவழியாக ஏ.என்.எம். செவிலியர் ஜென்டாமைசின் போடலாம் என்று வழிகாட்டுதல் வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத இடங்களுக்கு ஏழு நாள் அமாக்ஸிசிலினோடு ஜென்டாமைசின் என்று எழுதிவைத்தது. லான்செட் கட்டுரைக்கும் டெல்லியின் அனுமதிக்கும் நடுவே பதினைந்து ஆண்டு.

இந்தச் சண்டையில் தமிழ்நாடு எங்கே இருந்தது? இல்லவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே வேறு வழி போட்டார்கள். மருந்தைப் பிள்ளையிடம் கொண்டுபோவதற்குப் பதில் பிரசவத்தையே மருந்து இருக்கும் இடத்துக்கு இழுத்துவந்தார்கள்.

மதுரையில் அந்த இடம் கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி. 1940-இல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாகத் தொடங்கி, 1954-இல் மருத்துவக் கல்லூரி வந்து, பின்னால் ராஜாஜி மருத்துவமனை ஆனது. உசிலம்பட்டியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நடுராத்திரியில் பிள்ளை துவண்டால் 40 கிலோமீட்டர் என்பது அன்று கட்சிரோலிக்குச் சமம். ஆகவே பெரியாஸ்பத்திரியை மட்டும் நம்பாமல் நடுவே படிக்கட்டுகள் கட்டினார்கள். 1987-இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித்தொகை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இதன் அருமை பலருக்குத் தெரியாது. மருந்தை மொத்தமாக வாங்கிச் சோதித்துக் கிடங்கு வழியாக ஆரம்ப சுகாதார நிலையம்வரை அனுப்பும் அந்தக் கழகம் இல்லாவிட்டால் பேரையூரில் டாக்டர் இருந்தும் அலமாரியில் ஜென்டாமைசின் இருந்திருக்காது. பிறகு இருபத்துநான்கு மணி நேரமும் நர்ஸ் இருக்கும் சுகாதார நிலையங்கள், 2008-இல் 108 வண்டி, மாவட்ட மருத்துவமனைகளில் பச்சைப்பிள்ளைகளுக்கான தனி வார்டுகள். 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பிரசவமாவது வீட்டில் நடந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில். முதல் மாதச் சாவு ஆயிரத்துக்குச் சுமார் 13.

இந்தச் சமவெளிக்கு இன்னொரு கனத்த கதையும் உண்டு. 1986-இல் இந்தியா டுடே உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகளை வெளியே கொண்டுவந்தது. "பால் குடிக்கல, செத்துப்போச்சு" என்ற ஒரே வாக்கியத்துக்குள் கிருமியால் இறந்த பிள்ளையும் இருந்தது, கொல்லப்பட்ட பிள்ளையும் இருந்தது. பிறந்த பிள்ளை செத்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற நிலைதான் இரண்டுக்கும் மறைவிடம். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, இறந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவும் எழுதவும் அரசு தொடங்கியது. அரவிந்த் நிறுவனத்தின் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் தமிழகக் கிராமப்புறத்தில் 11,619 பச்சைப்பிள்ளைகளைச் சேர்த்து, பிறந்தவுடன் வைட்டமின் ஏ சொட்டுக் கொடுத்துப் பார்த்து 2003-இல் வெளியிட்டதும் இதே மண்ணின் ஆய்வுதான். ஆறு மாதத்துக்குள் நேரும் சாவு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. பின்னால் வேறு நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் அப்படியே திரும்ப வராததால் அது பொதுப் பரிந்துரை ஆகவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தேடிப்போய் எண்ணும் பழக்கம் மட்டும் மிஞ்சியது, அது சின்ன விஷயமில்லை.

அப்படியென்றால் நம் வழிதான் வென்றது என்று கட்டுரையை முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன், டெல்லி ஆய்வைப் படிக்காமல் இருந்திருந்தால்.

டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்தது அது. அங்கே தீவிரச் சிகிச்சையில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சைப்பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு செப்சிஸ். அதில் மூன்றில் இரண்டு பங்கு பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்தது. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்தபோது முதலிடத்தில் அசினெட்டோபாக்டர், அடுத்து கிளெப்சியெல்லா. அசினெட்டோபாக்டர் என்பது பாரம்பரியமாகத் தாயிடமிருந்து வரும் கிருமியல்ல. வார்டில், குழாயில், கையில், கருவியில் குடியிருப்பது. அதில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாதவை. ஜென்டாமைசின் அங்கே பெரும்பாலும் தண்ணீருக்குச் சமம். அதற்கு மேலான மருந்துகளும் சரிகின்றன. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஓரங்கட்டப்பட்ட கொலிஸ்டின் என்ற பழைய மருந்தைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் இந்தியாவில் ஆண்டுக்கு 56,000 பச்சைப்பிள்ளைகளுக்கு மேல் இறக்கின்றன என்று 2016-இல் லான்செட்டில் ஒரு மதிப்பீடு வந்தது. அது தலையெண்ணிய கணக்கல்ல, மாதிரியிலிருந்து போட்ட கணக்கு. பாதி என்று வைத்தாலும் தூக்கம் வராது.

டெல்லிதானே, நமக்கென்ன என்று கேட்கலாம். வேலூரைப் பார்ப்போம். அனிசா என்ற ஆய்வு இந்தியாவில் வேலூரிலும் ஒடிசாவிலும், வங்காளதேசத்திலும் பாகிஸ்தானிலும் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. மொத்தம் 63,114 பிள்ளைகள். கடுமையான தொற்று என்று சந்தேகிக்கப்பட்ட நிகழ்வுகள் 6,022. 2018-இல் வந்த முடிவில் இரண்டு செய்திகள். ஒன்று, பெரும்பாலான நிகழ்வுகளில் எந்தக் கிருமியும் பிடிபடவில்லை, பிடிபட்டவற்றிலும் கணிசமானவை வைரஸ். அதாவது அறிகுறியை மட்டும் நம்பி ஊசி போட்டால் தேவையில்லாத பிள்ளைக்கும் ஊசி விழும், அந்த விலை எப்போதும் இருக்கிறது. இரண்டாவது செய்திதான் முக்கியம். இறந்த பிள்ளைகளில் பாக்டீரியாவே பிரதானம், ஊரில் கிடைத்த அந்த பாக்டீரியாக்கள் பழைய மலிவான மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்கின.

இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கட்சிரோலிச் சண்டை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வீட்டில் வரும் கிருமிக்குச் சில ரூபாய் ஊசி இன்னும் போதும். ஆஸ்பத்திரியில் வரும் கிருமிக்கு அந்த ஊசி போதாது. நாம் பிள்ளையை வீட்டுக் கிருமியிடமிருந்து காப்பாற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம், மிகச் சரியான காரியம். ரத்தப்போக்கில் தாய் சாவதும் மூச்சுமுட்டிப் பிள்ளை சாவதும் குறைந்தது அதனால்தான், வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்புவோம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சம்மதமே இல்லை. ஆனால் வந்த இடத்தில் ஒரே வார்மரில் இரண்டு பிள்ளைகளைக் கிடத்தினால், ஒரு நர்ஸ் ஒரே இரவில் இருபது பிள்ளைகளைத் தொட்டால், கைகழுவும் தொட்டியில் தண்ணீர் வராவிட்டால், அடுத்த பிள்ளைக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அந்த வார்டுதான் முடிவு செய்கிறது. ரத்தத்தை வளர்த்துப் பார்த்துக் கிருமியின் பெயர் தெரிய இரண்டு நாளாவது ஆகும். டாக்டர் இன்றைக்கு ராத்திரியே மருந்தைத் தேர்ந்தாக வேண்டும். பயத்தில் வலுவானதை எழுதுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அவர் இடத்தில் யாரும் அதையே எழுதுவார்கள்.

இன்னும் ஒரு பகுதி பாக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடும். முதல் மாதத்தின் மிச்சம் இருபத்தைந்து நாள் வீட்டில்தான். அங்கே பார்க்க வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர், ஊர்க்காரர்களுக்கு நர்ஸம்மா. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, சர்க்கரை நோய்ப் பட்டியல், கைப்பேசியில் ஏற்ற வேண்டிய விவரங்கள் எல்லாம் முடித்துத்தான் பச்சைப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். கட்சிரோலியில் ஒரு ஊருக்கு ஒருத்தி இருந்தாள், ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நேற்று அழுததற்கும் இன்று அழுவதற்கும் வித்தியாசம் தெரிந்தது அதனால்தான்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு வீட்டில் பத்தாம் நாள் பிள்ளை துவண்டால் 108 வந்துவிடும், பெரியாஸ்பத்திரி சேர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். கிளம்புமுன் முதல் ஜென்டாமைசினைப் போட்டே அனுப்புவதற்கு விதி இடம் தருகிறது. மருந்தும் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இருக்கிறது. துவண்டு கிடக்கிறது என்று ஆயா சொன்னதும் அந்த நர்ஸம்மாவுக்குத் தகவல் போக வேண்டும், அவர் அன்று வேறு ஊரில் இருக்கக்கூடாது.